உண்ணாமலை அண்ணி கேட்ட களஞ்சியம்

இதுவரை யாரும் நம்பாத, இனியும் யாரும் நம்பப்போகாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன். ராஜகோபுரத்தைப் பார்த்தபடி கையை நெஞ்சில் வைத்துத்தான் இந்த வாக்குறுதியைத் தருகிறேன். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எனக்குப் ‘புளுகு சித்தப்பா’ என்று பட்டம் சூட்டிப் பல வருடங்களாகின்றன. ஆகவே நம்பாதவர்கள் மேல் எனக்கு வருத்தமே கிடையாது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: படித்துவிட்டு நம்பாதீர்கள். படிக்காமலே நம்பாமல் இருப்பது அலுவலகங்களின் உரிமை. அதில் நாம் கை வைக்க வேண்டாம்.

போன மாதம் ஒருநாள் காலை, செங்கம் ரோட்டில் நான் நடத்தும் பிரவுசிங் சென்டரில், காகிதத்தை விழுங்கிவிட்டுத் துப்ப மறுத்த பிரின்டரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் போன் செய்தார்.

“டேய், உங்க அண்ணி போயிட்டாடா.”

அந்த நொடியில் மலை ஒரு சாண் கிழக்கே நகர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். கடையிலிருந்த கணினிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தன. தெருவில் போன ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடிப்பதை நிறுத்தினார்கள். வழக்கமான கரண்ட் கட்தான் என்று பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னார். அவருக்கு அண்ணியைத் தெரியாது.

தெரியாத மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் உண்ணாமலை எங்கள் ஊர்க் கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளராக இருந்தவர். என் மூத்த அண்ணனின் மனைவி. ஊசி போடும் டாக்டர் அல்ல, மல்லாட்டை டாக்டர். வெளியூர்க்காரர்கள் வேர்க்கடலை என்று சொல்வதைத்தான் நாங்கள் மல்லாட்டை என்கிறோம். அதன் இலையில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தால் போதும், அண்ணியார் சாப்பாட்டை மறந்துவிடுவார். எங்கள் வீட்டில் சட்னிக்கு மல்லாட்டை உரிக்கும்போதுகூட ஒவ்வொரு பருப்பையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, நலம் விசாரித்துத்தான் மிக்சியில் போடுவார். அதனால் எங்கள் வீட்டு இட்லி தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாமல் மதியம் வரை காத்துக் கிடக்கும்.

எண்பத்தொன்பதில் அவர் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது ஆராய்ச்சி மாணவி. சீர்வரிசையில் ஒரு பூதக்கண்ணாடியும் இருந்தது. தாலி ஏறிய கையோடு, ஆராய்ச்சிக்கு நிலம் வேண்டும் என்று என்னை சைக்கிள் மிதிக்கவைத்துக் கீழ்பென்னாத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கேதான் ஏழுமலையைப் பார்த்தோம். கொஞ்சம் நிலமும் நிறைய வாயும் உள்ள விவசாயி.

“ஒரு பாதிக்கு மருந்து அடிங்க. இன்னொரு பாதிக்கு அடிக்காதீங்க. எது எப்பிடி ஆவுதுனு நான் பாக்கணும்” என்றார் அண்ணி.

“அடிக்காத பாதி இன்னா ஆவும்?”

“புள்ளி விழும். இலை கொட்டும்.”

“அப்ப இன்னாத்துக்குமா விடணும்?”

“ஏன் கொட்டுது, எப்ப கொட்டுதுனு எழுதினாத்தானே அப்புறம் எல்லாருக்கும் கொட்டாம பண்ணலாம்?”

ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவருடைய மனைவி உள்ளேயிருந்து, “பொண்ணு கேக்குது, குடுய்யா, நீ பயிர் வெச்சு கிழிச்சது போதும்” என்று குரல் கொடுத்தார். அந்தக் குரலால்தான் தமிழ்நாட்டுத் தாவரவியல் பிழைத்தது.

அதன்பிறகு சில பருவங்கள் அண்ணி அந்த நிலத்திலேயே குடியிருந்தார் என்று சொல்லலாம். வெயிலில் அவர் நிழல்கூடக் கறுத்துப்போயிற்று. அடிக்காத பாதியில் இலை கொட்டியது, ஏழுமலையின் முகமும் கூடவே கொட்டியது. ஆனால் கொடுத்த வாக்கிலிருந்து அவர் பின்வாங்கவில்லை. ஒவ்வொரு முறையும் வரப்பில் உட்கார்ந்துகொண்டு கேட்பார்:

“இன்னா டாக்டரம்மா, எம் மல்லாட்ட இன்னா சொல்லுது?”

அண்ணி கண்டதையெல்லாம் அவரிடம் வாயால் சொல்லிவிடுவார். எப்போது விதைத்தால் புள்ளி கம்மி, எந்த மழைக்குப் பிறகு ஜாஸ்தி, எல்லாம். விஷயம் ஏழுமலைக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு வேண்டியிருந்தது வேறொன்று. கடைசி அறுவடை நாளில் அண்ணி ஒரு வார்த்தை சொன்னார்.

“இது புத்தகமா வருதுங்க. நன்றி சொல்ற பக்கத்துல மொதல்ல உங்க பேருதான். கொண்டாந்து காட்டறேன்.”

“இங்கிலீஸ்லயா?”

“இங்கிலீஷ்லதான்.”

“இங்கிலீஸ்ல எம் பேரு எம்மாம் நீளம் வரும்?”

“பாக்கத்தானே போறீங்க” என்றார் அண்ணி.

பாவம், அந்த ஒரு வார்த்தைதான் அண்ணியின் மீதி ஆயுளைத் தின்றது.

ஆய்வேட்டை டைப் அடித்து, பைண்ட் செய்து, வேண்டிய பிரதிகளைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தார். பட்டம் வந்தது. அண்ணி தனக்கென்று வைத்திருந்த ஒரே பிரதியை, வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் “பாத்துட்டுத் தரேம்மா” என்று வாங்கினார். வாங்கியவர் ஓய்வுபெற்று, மகனோடு வெளிநாட்டுக்குப் போய், வீட்டையும் காலிசெய்துவிட்டார். பிரதி எந்த மூட்டையில் போனது என்று இன்றுவரை தெரியாது. மிஞ்சியது பல்கலைக்கழகத்தில் இருந்ததுதான். சரி, அங்கேயே கூட்டிப்போய்க் காட்டிவிடலாம் என்று அண்ணி ஏழுமலையை அழைத்தார். நானும் தொற்றிக்கொண்டேன்.

ஏழுமலை அன்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். அந்தச் சட்டையின் மடிப்பில் தக்காளி நறுக்கலாம். பஸ்ஸில் யார் மீதும் சாயாமல், சட்டை கசங்காமல், வழி முழுக்க நின்றுகொண்டே வந்தார்.

நூலகத்தில் ஆய்வேடுகள் கண்ணாடி பீரோவுக்குள் இருந்தன. பீரோவில் பூட்டு. பூட்டுக்கு முன்னால் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் ஓர் ஊழியர்.

“என் தீசிஸைப் பாக்கணும்” என்றார் அண்ணி.

“எழுதினவங்க கிட்டர்ந்து சம்மதக் கடிதம் வாங்கியாங்க.”

“எழுதினதே நான்தாங்க.”

“அப்ப ஒரு பிரச்சினையும் இல்ல. உங்களுக்கு நீங்களே ஒண்ணு எழுதிக் குடுத்துடுங்க.”

அண்ணி அங்கேயே உட்கார்ந்து எழுதினார்: உண்ணாமலையாகிய நான், உண்ணாமலையாகிய எனக்கு, என் ஆய்வேட்டைப் பார்வையிட இதன்மூலம் சம்மதம் அளிக்கிறேன். ஊழியர் அதை வரிவரியாகப் படித்தார். அவர் முகத்தில் கிண்டலின் நிழல்கூட இல்லை. அதுதான் என்னை இன்றைக்கும் எரிச்சலூட்டுகிறது.

“எல்லாம் கரெக்டா கீது மேடம். வழிகாட்டி கையெழுத்துதான் கம்மி.”

“அவர் ஃபாரின் போயிட்டாருங்க.”

“வந்ததும் வாங்கியாங்க.”

ஏழுமலை முன்னால் வந்தார். “சார், நான் ஒண்ணும் எடுத்துக்கினு போவமாட்டேன். நீங்களே தொறந்து, நீங்களே புடிச்சுக்குங்க. எம் பேர மட்டும் பாத்துக்கறேன்.”

“நீங்க யாரு?”

“நெலத்துக்காரன்.”

“ஆராய்ச்சியாளருங்களுக்கு மட்டும்தான்ங்க.”

கண்ணாடிக்குள்ளே, மேல்தட்டில், பச்சை அட்டையில் அண்ணியின் பெயர் தங்க எழுத்தில் தெரிந்தது. ஏழுமலை கண்ணாடியில் மூக்கு அழுந்த நின்று அதைப் பார்த்தார். அட்டையில் அவர் பெயர் இல்லையே, உள்ளே அல்லவா இருக்கிறது. திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்தே வந்தார். சட்டை கசங்கினால் இனி என்ன? அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்தபடி என்னிடம் சொன்னார்: “தம்பி, அந்தப் பூட்டு திருடனுக்குப் போட்டது இல்ல. படிக்கறவனுக்குப் போட்டது.”

நியாயத்தைக் கேளுங்கள். நிலம் ஏழுமலையுடையது. ஆராய்ச்சிக்குக் கிடைத்த உதவித்தொகை மக்கள் வரிப்பணம். கெட்டது அண்ணியின் கண். கொட்டியது மல்லாட்டையின் இலை. எல்லாரும் கொடுத்தார்கள். விளைந்ததை மட்டும் யாருக்கும் காட்டாமல் பூட்டி, தூசு தட்டவும் ஆள் போடாமல் வைத்திருப்பதற்கு எந்த ஊரில் கல்வி என்று பெயர்?

பிறகு நான் பிரவுசிங் சென்டர் திறந்தேன். ஆசிரமப் பக்கம் வரும் வெள்ளைக்காரர்கள் மெயில் பார்க்க வருவார்கள். அண்ணியும் கல்லூரி விட்டதும் வந்து கடைசி கணினியில் உட்கார்ந்துவிடுவார். அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்தால் அதுவே தள்ளிவிடும். ஆய்வேட்டிலிருந்து ஒரு பகுதியை அவர் வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் எழுதியிருந்தார். ஒருநாள் அது இணையத்தில் அகப்பட்டது. அண்ணி ஆசையாக அமுக்கினார். முழுவதும் படிக்க டாலர் கட்டு என்றது திரை. அவர்கள் கேட்ட தொகையில், பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் லட்சோபலட்சம் பேருக்கும் சுண்டல் வாங்கிக் கொடுத்து, மீதியில் தண்ணீர்ப் பந்தலும் வைக்கலாம்.

“அடப்பாவி, நான் எழுதினதுடா அது!” என்று அண்ணி மானிட்டரை அதட்டினார். தியானத்துக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் எழுந்தே போய்விட்டார்.

அந்தத் தேடலில்தான் அவருக்கு ஒரு சேதி தெரிந்தது. உலகத்தில் சில பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆய்வேடுகளையும் கட்டுரைகளையும் கணினியில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் எங்கிருந்தும் காசில்லாமல் படிக்கலாம் என்று திறந்து வைக்கத் தொடங்கியிருந்தன. நம் நாட்டிலும் ஓரிரண்டு இடங்களில் ஆரம்பித்திருந்தார்கள். அண்ணி அன்று என் கடையில் எல்லாருக்கும் டீ சொன்னார். அந்தச் சிக்கனக்காரர் டீ சொன்ன நாள் சரித்திரத்தில் அது ஒன்றுதான்.

“தம்பி, நம்ம யுனிவர்சிட்டியும் இதப் பண்ணிட்டா, ஏழுமலையை இங்கயே ஒக்கார வெச்சு காட்டிடலாம்டா!”

பல்கலைக்கழகத்துக்கு மனு எழுதினார். விதி இங்கேதான் விளையாடியது. தமிழில் எழுதிய மனுவுக்குத்தான் சீக்கிரம் பதில் வரும் என்று யாரோ சொன்னதால், நல்ல தமிழில் எழுதினார். பொருள்: ‘அனைவரும் பயன்பெறத் திறந்த களஞ்சியம் ஒன்று அமைத்தல்.’ ஆராய்ச்சிகளைச் சேர்த்துவைக்கும் இடத்துக்குக் களஞ்சியத்தைவிட அழகான சொல் உண்டா? நான்கூடக் கைதட்டினேன். எழுதியவர் மல்லாட்டை ஆராய்ச்சியாளர் என்பது மட்டும் எங்கள் இருவருக்கும் அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

பல மாதம் கழித்து, நான் அண்ணிக்குச் சாப்பாடு கொண்டுபோன நாளில், கல்லூரித் தோட்டத்தில் ஓர் ஓவர்சியர் கையில் டேப்புடன் நின்றிருந்தார்.

“களஞ்சியம் கேட்டது நீங்கதானே மேடம்? எவ்ளோ மூட்ட புடிக்கணும்?”

“மூட்டையா?”

“தெறந்த களஞ்சியம்னு போட்டுக்கீறீங்க. சுத்துச் சுவரு வேணாமா? மழ பேஞ்சா மல்லாட்ட மொளச்சிக்குமே.”

அண்ணிக்கு முதலில் புரியவில்லை. “அது ஆராய்ச்சிங்களைப் போட்டு வைக்கறதுங்க. கம்ப்யூட்டர்ல. யாரு வேணும்னாலும் வந்து எடுத்துக்கலாம்.”

“யாரு வேணும்னாலுமா? அப்ப பூட்டு?”

“பூட்டே கூடாதுங்க.”

“இன்னா மேடம் நீங்க, பூட்டு இல்லாத குடோனு ஒரே நாள்ல காலியாய்டும்!”

“காலியாவாதுங்க. எவ்ளோ எடுத்தாலும் கொறயாது.”

ஓவர்சியர் டேப்பைக் கீழே விட்டார். மலையைப் பார்த்தார். அங்கே சித்தர்கள் இன்னும் நடமாடுகிறார்கள் என்பதில் அவருக்கு அசையாத நம்பிக்கை. அண்ணியைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு அளக்க ஆரம்பித்தார்.

கொட்டகை எழும்பியது. சிமென்ட் தரை, மூன்று பக்கம் சுவர், மேலே தகரம், முன்பக்கம் திறப்பு. நெற்றியில் ‘திறந்த களஞ்சியம்’ என்று நீல எழுத்தில் பலகை. திறப்பு விழாவுக்கு யானை வந்தது, விமானத்திலிருந்து பூத்தூவினார்கள், பட்டம் பெறாத எலிகள் வரிசையில் நின்றன. விருந்தினர் தம் உரையில் மல்லாட்டையின் பெருமைகளை எடுத்துரைத்தார். அண்ணி முதல் வரிசையில் பொன்னாடையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். அந்தச் சத்தம் மலைக்குப் பின்னால் அடி அண்ணாமலை வரை கேட்டது.

அவர் விட்டுவிடவில்லை. களஞ்சியம் என்பது குடோன் அல்ல என்று விளக்கி மறுபடி எழுதினார். இந்தத் தடவை பதில் உடனே வந்தது: ‘தங்கள் கல்லூரியில் ஏற்கெனவே களஞ்சியம் கட்டித் தரப்பட்டுவிட்டமையால் தங்கள் கோரிக்கை முடித்துவைக்கப்படுகிறது.’ அண்ணி அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்திவிட்டு, “ஏழுமலைக்கு வயசாவுது தம்பி” என்றார். கொட்டகையில் பிள்ளைகள் சைக்கிள் விட்டார்கள்.

பிறகு ஒருநாள் பல்கலைக்கழகமே தன் ஆய்வேடுகளைக் கணினியில் ஏற்றப்போவதாகச் சொன்னது. ஏற்றவும் செய்தது. பட்டியலில் அண்ணியின் ஆய்வேடும் இருந்தது. தலைப்பில் ஓர் எழுத்து தப்பு, பெயரில் ஓர் எழுத்து தப்பு, அதனாலென்ன, இருந்தது! ஏழுமலைக்குச் சொல்லி அனுப்பினோம். அதே வெள்ளைச் சட்டையில் வந்தார். அண்ணி அமுக்கினார். கடவுச்சொல் கேட்டது. போன் செய்து விசாரித்தால், வளாகத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான் தருவார்களாம்.

“திறந்ததுனு பேர் வெச்சிட்டு எதுக்கும்மா சாவி கேக்குது?” என்றார் ஏழுமலை.

அண்ணி கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டு, கடவுச்சொல்லை எடுக்கவைத்தார். எடுத்துவிட்டு, ‘இப்பக்கம் பராமரிப்பில் உள்ளது’ என்று ஒரு வரியைப் போட்டார்கள். அந்தப் பராமரிப்பு எவ்வளவு காலம் நடந்ததென்றால், அதற்குள் மலை மேல் மரம் நட்டு, அது வளர்ந்து, அதன் நிழலில் நான் தூங்கியெழுந்தும்விட்டேன். அண்ணி தினமும் வந்து அமுக்குவார். அதே வரி. எழுந்து போவார். உடம்பு படுத்த பிறகு அவருக்குப் பதிலாக நான் அமுக்கினேன். ஆஸ்பத்திரிக்குப் போனால், எப்படி இருக்கீங்க என்று நான் கேட்பதற்குள் அவர் கேட்பார்:

“தம்பி, தெறந்துச்சா?”

“தெறந்துடும் அண்ணி.”

“நீ சொன்னா தெறக்காதுடா. புளுகன்” என்பார்.

அவர் போகும் வரை திறக்கவில்லை. இதை எழுதும் இன்று காலையும் அமுக்கிப் பார்த்தேன். பராமரிப்புதான். பக்கத்தைப் பராமரிக்கிறார்களாம். அதைத் திறக்கச் சொன்னவரைப் பராமரிக்க ஒருவருக்கும் நேரமில்லை.

காரியத்தன்று மதியம் ஏழுமலை வந்தார். தலையில் ஒரு மூட்டை மல்லாட்டை. அண்ணியின் படத்துக்கு முன்னால் அதை இறக்கிவைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “அந்தம்மா கொட்டாய் எங்க கீது தம்பி?” என்றார். மூட்டையை வண்டியில் முன்னால் வைத்து, அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன்.

பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். மூட்டையை அவிழ்த்து, கொட்டகை நடுவில் கொட்டினார். மைதானத்திலிருந்த பிள்ளைகளை, “வாங்க, எடுத்துக்குங்க, யாரயும் கேக்க வேணாம்” என்று கூப்பிட்டார். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு கரித்துண்டை எடுத்துச் சுவரில் எழுதினேன். அண்ணிக்கு மனப்பாடமாக இருந்த நன்றிப் பக்கத்தின் முதல் வரி. கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம். ஏழுமலை என்ற பெயரை ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி, இதுதான் என்று காட்டினேன்.

அவர் விரலால் தொடாமல், ஓரமாகவே முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நடந்து பார்த்தார்.

“இம்மாம் நீளமா தம்பி! இத்தினி நாளா இத மடிச்சா பீரோவுல வெச்சிருந்தானுங்க?”

பிள்ளைகள் மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டே அந்த வரியைச் சத்தமாகப் படித்தார்கள். அவர் ஒவ்வொரு தடவையும் தலையாட்டினார்.

இனி உண்மைக்கு வருகிறேன். மலை நகரவில்லை. யானை வரவில்லை, விமானமும் வரவில்லை. அண்ணியின் பல் சத்தம் அடி அண்ணாமலைக்குக் கேட்டிருக்காது. ஓவர்சியர் செருப்பைக் கழற்றியதற்கு அதில் முள் குத்தியது காரணமாக இருக்கலாம். எதை வேண்டுமானாலும் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். அந்தக் கொட்டகை இருக்கிறது. முன்பக்கத்தில் கதவு வைக்க மறந்துவிட்டார்கள், ஆகவே பூட்டும் இல்லை. யாரிடமும் கடிதம் வாங்காமல், எந்த நேரத்திலும் உள்ளே போய்ச் சுவரில் எழுதியிருப்பதை யாரும் படிக்கலாம்.

தெறந்துதான் இருக்கு, அண்ணி. நிம்மதியா போயிட்டு வாங்க.